எஸ்ஸுக்கு முன்னாடியா, பின்னாடியா

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை, சாரல் அடிச்சிக்கிட்டே இருந்த நேரம். கேரளா எல்லைல இருக்க புளியரைல செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் புதுசா தையல் கடை போடப்போற ஒரு சேச்சி போர்டு அடிக்கணும்னு செங்கோட்டைல இருக்க நம்ம டிடிபி கடைக்கு வந்தாங்க. பத்துக்கு நாலு ஃப்ளெக்ஸ். தமிழ்ல ஒரு வரி, மலையாளத்துல ஒரு வரி, நடுவுல பெருசா இங்கிலீஷ்ல லேடீஸ் டெய்லர், கீழ போன் நம்பர், அவ்வளவுதான் மேட்டர். பத்து நிமிச வேலை. ஒன்றரை மணி நேரம் ஆச்சு.

என்னாச்சுன்னா, நான் லேடீஸ்னு எழுத்து எழுத்தா அடிச்சு முடிச்சதும் சேச்சி ஸ்க்ரீன்ல விரல வெச்சு, "அண்ணா, இதுக்கு மேல ஒரு கோமா வேணுமல்லோ, எஸ்ஸுக்கு முன்ன. எங்க ஹஸ்பண்டு கல்ஃப்ல இருந்தப்ப எல்லா கடையிலயும் அங்ஙனதான் போட்டிருந்தது" அப்படின்னாங்க. சரி, கஸ்டமர் கேக்குறாங்க, நமக்கு என்ன வந்துச்சுன்னு போடப்போனேன். அதுக்குள்ள பெஞ்சுல உக்காந்து ஓசி பேப்பர் படிச்சிட்டிருந்த நம்ம சார்வாள் கண்ணாடிய நெத்திக்கு ஏத்திட்டு எந்திரிச்சிட்டாரு. ரிட்டயர்டு இங்கிலீஷ் வாத்தியார். தெனமும் பத்து மணிக்கு வருவாரு, பேப்பர் படிப்பாரு, நம்ம அடிக்கிற எல்லாத்துலயும் தப்பு கண்டுபிடிப்பாரு, சம்பளம் கெடையாது, ஒரு டீ மட்டும்.

"ஏம்மா, லேடீஸ்ங்கறது ஏற்கனவே பன்மை. அதுல எஸ் வந்தாச்சு. அப்ப யாரோடதுன்னு காட்டுற மேல்கமா, அதான் அபாஸ்ட்ரஃபி, எஸ்ஸுக்குப் பின்னாடிதான் வரணும். முன்னாடி போட்டா, லேடின்னு ஐ-யும் இ-யும் சேத்து எழுதுற எவளோ ஒருத்திக்கு மட்டும் தைக்கிற டெய்லர்னு அர்த்தம். அப்படி ஒருத்தி ஊருலயே கெடையாது" அப்படின்னாரு. சேச்சிக்கு கோவம் வந்துடுச்சு. பெறகு நான் நடுவுல பூந்து, மேல்கமாவே வேண்டாம், சும்மா விட்டுருவோம், நெறைய பேரு அப்படித்தான் போடுதாங்கன்னு சொன்னேன் பாருங்க, ரெண்டு பேரும் சேர்ந்து என்னைய மொறச்சாங்க. சேச்சிக்கு மேல ஒண்ணும் இல்லாட்டி போர்டு மொட்டையா இருக்குமாம். சார்வாளுக்கு அது நாகரிகம் இல்லாத வேலையாம்.

நான் 20 வருசமா இந்தத் தொழில்ல இருக்கேன். இந்த ஒத்த மேல்கமாவால நடந்த சண்டைய மட்டும் எழுதினாலே ஒரு நோட்டு பத்தாது. மனு எழுதி அடிச்சு வாங்க வர்றவங்கள எடுத்துக்கங்க, கடைசில யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லின்னு வரும்ல, அதுல எஸ்ஸுக்கு முன்னாடி மேல்கமா வராது, வரவே வராது, ஆனா போடலன்னா பத்துல ஏழு பேரு பேனாவ வாங்கி கையால போட்டுட்டுப் போவாங்க. நானும் மொதல்ல சொல்லிப் பாத்தேன், இப்பல்லாம் பேனாவ நானே எடுத்துக் குடுத்துடுதேன்.

இதுல வெள்ளைக்காரனும் நம்மள மாதிரிதான்னு பின்னாடி தெரிஞ்சப்ப ஒரு நிம்மதி. இங்கிலாந்துல ஜான் ரிச்சர்ட்ஸ்னு ஒரு பெரியவரு, பத்திரிகைல பிழை திருத்துற வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு, 2001-ல மேல்கமாவ காப்பாத்தணும்னே ஒரு சங்கம் ஆரம்பிச்சாரு, நெசமாத்தான். தப்பா மேல்கமா போட்ட கடைக்காரங்களுக்கு மரியாதையா லெட்டர் எழுதுவாராம். அந்த வருசமே அவருக்கு இக் நோபல்னு ஒரு பரிசு குடுத்தாங்க, சிரிக்க வெச்சுட்டு அப்புறம் யோசிக்க வைக்கிற வேலைக்குக் குடுக்குற பரிசு அது. 2019-ல தன்னோட 96 வயசுல சங்கத்த கலைக்கிறேன்னு அறிவிச்சிட்டாரு, அறியாமையும் சோம்பேறித்தனமும் ஜெயிச்சிருச்சின்னு வருத்தப்பட்டு. நடுவுல 2009-ல பர்மிங்ஹாம் மாநகராட்சி தெருப்பலகைல மேல்கமாவே இனி கெடையாதுன்னு சொல்லிருச்சு. அமெரிக்காவுல ஊர்ப்பேரு முடிவு பண்ற அரசாங்க வாரியம் 1890-லேர்ந்தே மேல்கமாவ கிட்ட சேக்குறதில்ல, மார்த்தாஸ் வின்யார்டு மாதிரி ஒரு கைப்பிடி ஊருக்குத்தான் விலக்கு. சார்வாள்ட்ட சொன்னேன். "அமெரிக்காக்காரன் பேச்ச விடு" அப்படின்னாரு, அவ்வளவுதான் பதில்.

இட்ஸ் கதை இன்னும் மோசம். மேல்கமா இருந்தா 'அது இருக்கு', இல்லாட்டி 'அதோட'. இந்த மாதிரி தமிழ் எழுத்துல எழுதுறப்ப ரெண்டும் ஒரே இட்ஸ்தான், நமக்கு ஒரு தலைவலி மிச்சம். ஆனா பாருங்க, 17, 18-ம் நூற்றாண்டுல 'அதோட'ங்கற அர்த்தத்துக்கே இங்கிலீஷ்காரங்க மேல்கமா போட்டுத்தான் எழுதிட்டு இருந்தாங்க. இன்னிக்கு நம்ம பையன் பரீட்சைல அப்படி எழுதினா அரை மார்க் போகும், அன்னிக்கு அதுதான் சரி. 300 வருசம் முந்திப் பொறந்திருந்தா பாஸ்.

எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்குடுத்தது பள்ளிக்கூடத்த விட டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்தான். லோயர், ஹையர் ரெண்டும் முடிச்சேன். காலைல ஆறரை பேட்ச், தகரக்கூரை, இருபது மெஷினும் ஒண்ணா ஓடுறப்ப மழை பெய்யுதா டைப் அடிக்கிறாங்களான்னு வெளிய நிக்கிறவனுக்குத் தெரியாது. மொத பாடம் எல்லாருக்கும் ஒண்ணுதான், ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே. ஒரு வாரம் இதையேதான் அடிப்போம். யோசிச்சுப் பாருங்க, தமிழ்நாட்டுல எத்தன பேரோட வலது சுண்டுவிரல் செமிகோலன் மேல போய் உக்காந்து பழகியிருக்கும். ஆனா அந்த செமிகோலன் எதுக்குன்னு எங்க பேட்ச்ல ஒருத்தருக்கும் தெரியாது, மாஸ்டர்ட்ட கேட்டதுக்கு "விரலுக்கு" அப்படின்னாரு.

அங்கதான் ஃபுல்ஸ்டாப்புக்கு அப்புறம் ரெண்டு தடவ ஸ்பேஸ்பார் தட்டணும்னு பழக்கினாங்க. ஒண்ணு தட்டினா சிவப்பு மையில வட்டம். அதுக்குக் காரணம் மெஷின்தான். டைப்ரைட்டர்ல ஐ-க்கும் எம்-முக்கும் ஒரே அகலம். எல்லா எழுத்தும் எட்ட எட்ட நிக்கும், அதனால வாக்கியம் முடிஞ்சது கண்ணுக்குத் தெரியணும்னா கூட ஒரு எடம் விடணும். கம்ப்யூட்டர்ல ஐ ஒல்லியா இருக்கும், எம் குண்டா இருக்கும், அந்தக் கவலையே இல்ல, ஒத்த ஸ்பேஸ் போதும். ஆனா என் கட்டைவிரலுக்கு இது இன்னும் தெரியாது. 2020-ல மைக்ரோசாஃப்ட் வேர்டு ரெண்டு ஸ்பேஸ் போட்டா தப்புன்னு கோடு போட ஆரம்பிச்சப்ப, சிவப்பு மை வட்டம் போட்ட மாஸ்டர்தான் ஞாபகத்துக்கு வந்தாரு. அவரு ஒண்ணு போட்டா வட்டம், இது ரெண்டு போட்டா கோடு. ரெண்டு பேருக்கு நடுவுல நான் மாட்டிக்கிட்டேன்.

கமாவுக்கு வருவோம். கோயில் கொடை நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, புதுமனை புகுவிழா, இதுல எல்லாம் பேரு வரிசை வரும்ல. ஒரு தம்பி பி.எச்.டி. முடிச்சதுக்கு இங்கிலீஷ்ல நன்றி போர்டு வெக்கணும்னு வந்தான். என் அப்பா அம்மா, சேர்மன் மற்றும் தாசில்தாருக்கு நன்றின்னு அர்த்தம் வர்ற மாதிரி எழுதிட்டு வந்திருந்தான். அதுல சேர்மனுக்கு அப்புறம், 'அண்ட்'க்கு முன்னாடி ஒரு கமா இல்லாட்டி என்ன ஆகும்? சேர்மனும் தாசில்தாரும்தான் அவன் அப்பா அம்மான்னு ஆகும். இந்தக் கமாவுக்கு ஆக்ஸ்ஃபோர்டு கமான்னே பேரு. அமெரிக்காவுல பொஸ்தகம் போடுறவங்க பெரும்பாலும் போடுவாங்க, பத்திரிகைக்காரங்க பெரும்பாலும் போடமாட்டாங்க, ரெண்டு கோஷ்டியும் பேசி வெச்ச மாதிரி நிறுத்தாம சண்ட போட்டுட்டு இருக்கு.

ஆனா இதுல காசு இருக்கு. அமெரிக்காவுல மெய்ன் மாநிலத்துல ஓவர்டைம் சட்டத்துல, டின்ல அடைக்கிறது, பதப்படுத்துறது, உறைய வைக்கிறது, சேமிக்கிறது, இப்படி வரிசையா சொல்லிட்டு கடைசில 'அனுப்புறதுக்காகவோ விநியோகத்துக்காகவோ பேக் பண்றது'ன்னு படிக்கிற மாதிரி ஒரு எடம், இந்த வேலைக்கெல்லாம் ஓவர்டைம் கெடையாதுன்னு. விநியோகம்ங்கறது தனி வேலையா, இல்ல பேக்கிங்கோட சேர்ந்ததான்னு சொல்ல அந்த எடத்துல கமா இல்ல. ஒரு பால் கம்பெனி வண்டி ஓட்டுற டிரைவருங்க, "நாங்க விநியோகம் பண்ணுதோம், பேக் பண்ணல, எங்க ஓவர்டைம் குடுங்க"ன்னு கேஸ் போட்டாங்க. 2017-ல அப்பீல் கோர்ட்டு அவங்க பக்கம் நின்னுச்சு, 2018-ல கம்பெனி 50 லட்சம் டாலர் குடுத்து முடிச்சிக்கிட்டது. அதுக்கப்புறம் அந்த மாநிலத்துல சட்டத்த திருத்தி எழுதினாங்க, எதப் போட்டு? கமா போடல, ஒவ்வொரு வேலைக்கும் நடுவுல செமிகோலன். மாஸ்டர்ட்ட சொல்லணும், அது விரலுக்கு மட்டும் இல்லையாம்னு.

இதுல நமக்கு ஒரு வசதி இருக்கு, யாரும் கவனிக்கிறதில்ல. தமிழ்ல 'உம்' இருக்குல்ல. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சேர்மனுக்கும் தாசில்தாருக்கும் நன்றி. முடிஞ்சது. ஒவ்வொருத்தர் வால்லயும் ஒரு உம் தொங்குது, யாரு யாரோட சேர்த்தின்னு சண்டையே வராது, கமாவே வேண்டாம். நம்ம ஆளுங்கதான் இங்கிலீஷ் 'அண்ட்'ட பாத்து கடைசில ஒரு 'மற்றும்' செருகி, அந்த வியாதிய இங்கயும் இழுத்துட்டு வந்துட்டாங்க. பத்திரிகை அடிக்க வர்றவங்கட்ட மற்றும் வேண்டாம், உம் போடுவோம்னு சொல்லுவேன், "மற்றும் போட்டாத்தான் கெத்தா இருக்கு அண்ணாச்சி"ம்பாங்க. மேல்கமா கேட்ட சேச்சியும் இவங்களும் ஒண்ணுதான்.

தமிழ்ல வேற எடத்துல சிக்கல் இருக்கு, இல்லைன்னு சொல்லல. கீரைக் கடைன்னு போட்டா கீரை விக்கிற கடை. நடுவுல இருக்க க்-க விட்டுட்டு கீரை கடைன்னு அடிச்சா, கடையுற மத்த எடுத்து கீரைய கடைன்னு ஊருக்கே உத்தரவு போட்ட மாதிரி. நான் அப்படி ஒரு போர்டு அடிச்சுக் குடுத்திருக்கேன். நாலு வருசம் தொங்குச்சு. சார்வாள் அந்த வழியா போறப்பல்லாம் தலைய திருப்பிக்குவாரு.

நம்ம ஏரியாவுல மூணு மொழிக்கு நடுவுல உக்காந்து டைப் அடிக்கிறவனுக்கு மட்டும் தெரியுற சங்கதி ஒண்ணு சொல்றேன். இங்கிலீஷ்ல ஐ கம், யூ கம், தே கம், ஆனா ஹீ கம்ஸ். அந்த ஒரே ஒரு எடத்துல மட்டும் ஏன் எஸ்? நம்ம புள்ளைங்க எல்லாம் இங்கதான் வழுக்கி விழும். தமிழ்ல வந்தேன், வந்தே, வந்தான், வந்தா, வந்துச்சு, வந்தாங்க, ஆளுக்கு ஒரு வால். மலையாளத்துல ஞான் வந்நு, நீ வந்நு, அவன் வந்நு, அவள் வந்நு, அவர் வந்நு, வாலே கெடையாது, வழிச்சு எறிஞ்சிட்டாங்க. அதனாலதான் எல்லைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவுலேர்ந்து வர்ற கஸ்டமர் தமிழ் பேசுறப்ப "அவ வந்தான்"னு மாத்திச் சொல்லுறாங்க, நம்ம கேலி பண்ணுறோம். பழைய இங்கிலீஷ்ல நம்மள மாதிரி ஆளுக்கொரு வால் இருந்துச்சு, தவ் கம்மஸ்ட், ஹீ கம்மத்னு பழைய பைபிள்ல பாத்திருப்பீங்க. ஒவ்வொண்ணா உதிர்ந்து, கடைசில மிச்சம் நிக்கிற ஒத்த வால்தான் அந்த எஸ். சுருக்கமா சொன்னா, தமிழ் புளியரைக்கு இந்தப் பக்கம், மலையாளம் அந்தப் பக்கம், இங்கிலீஷ் செக்போஸ்ட்லயே வண்டிய நிறுத்திட்டு நிக்குது. இத சேச்சிட்ட சொன்னேன், அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருச்சு, ஏன்னா அவங்கதான் முன்னாடி போயிருக்காங்கன்னு அர்த்தம் வருதுல்ல.

அப்புறம் இந்த 'தே'. ஆம்பளையா பொம்பளையான்னு தெரியாத ஒருத்தருக்கு 'தே' போடலாமா கூடாதான்னு வெளிநாட்டுல பெரிய அடிதடி. ஒருத்தருக்கு எப்படிப் பன்மை வரும்னு கேக்குறாங்க. 14-ம் நூற்றாண்டுலேர்ந்தே இந்தப் பழக்கம் இங்கிலீஷ்ல இருக்கு, 2019-ல மெரியம் வெப்ஸ்டர் அகராதிக்காரங்க அந்த வருசத்தோட வார்த்தைன்னே அத அறிவிச்சாங்க. சார்வாளுக்கு இது ஆகவே ஆகாது. நான் கேட்டேன், "சார்வாள், வெளிய யாரோ கூப்பிடுதாங்கன்னு சொல்லுதோம்ல, நிக்கிறது ஒரு ஆளுதானே?" கொஞ்ச நேரம் பேசல. விடாம, "உங்கள பத்தி வீட்டுல சொல்றப்ப சார்வாள் வந்தாங்கன்னுதான் சொல்லுவேன், நீங்க என்ன ரெண்டு பேரா?"ன்னேன். சங்கத் தமிழ்ல அவர்னாலே பல பேருதான். மரியாதைக்கு ஒருத்தருக்குச் சொல்லிச் சொல்லி அது ஒருமை ஆகிப்போக, பல பேருக்குன்னு தனியா 'கள்' ஒட்டி அவர்கள்னு ஆக்க வேண்டியதாச்சு, இப்ப மேடைல தலைவர் அவர்களேன்னு அதையும் ஒருத்தருக்கே குடுத்தாச்சு. இங்கிலீஷ்ல யூவும் அதே கதைதான். தவ்-னா நீ, யூ-ன்னா நீங்க. மரியாதை கூடிக்கூடி எல்லாரையும் யூ ஆக்கி தவ்-வ தொலைச்சுட்டாங்க. ஒத்த ஆளப் பாத்துப் பேசினாலும் யூ ஆர்னு பன்மையே வருதே, யூ இஸ்னு ஏன் வரலன்னு எம் பொண்ணு ஆறாவது படிக்கிறப்ப கேட்டா, அன்னிக்கு எனக்குத் தெரியல, சும்மா மனப்பாடம் பண்ணுன்னு சொல்லிட்டேன்.

வாக்கியத்த ஆன், வித், ஃபார்னு முடிக்கக் கூடாதுங்கற ரூல் 1672-ல டிரைடன்ங்கற கவிஞர் கெளப்பி விட்டது. நம்மாளுக்கு அது மண்டைலயே ஏறாது, மேசை மேல, அவன் கூட, எனக்காகன்னு பின்னாடி வெச்சே பழகினவங்க. போஸ்ட்போனுக்கு எதிரா, தேதிய முன்னாடி கொண்டு வர்றதுக்கு நாம சொல்ற ப்ரீபோன் தப்புன்னு சொல்றவங்களுக்கு ஒரு வரி போதும், ஆக்ஸ்ஃபோர்டு அகராதிலயே ஏறியாச்சு.

இவ்வளவு சண்ட போடுறோமே, இந்தப் புள்ளி, கமா எதுவும் நம்ம ஓலைச்சுவடில கெடையாது. மெய்யெழுத்துக்கு வெக்கிற புள்ளியவே ஓலை கிழிஞ்சிரும்னு வெக்காம விட்டவங்க நம்மாளுங்க, படிக்கிறவன் இடம் பாத்து மூச்சு விட்டுக்கணும். அச்சு வந்தப்புறம்தான் இந்தக் குறியெல்லாம் வந்து ஒட்டிக்கிச்சு. அந்த அச்சும் எங்க ஆரம்பிச்சது தெரியுமா? நம்ம செங்கோட்டை ஸ்டேஷன்ல ரயிலேறி பதிமூணு கண்ணு பாலத்தத் தாண்டி எறங்கினா வருதே கொல்லம், அங்க. 1578-ல என்றிக்கே என்றிக்கஸ்ங்கற பாதிரியார் தம்பிரான் வணக்கம்னு 16 பக்கத்துல ஒரு தமிழ் பொஸ்தகம் அச்சடிச்சாரு, இந்திய மொழி எழுத்துல இந்தியாவுல அச்சான மொத பொஸ்தகம் அதுதான். நம்ம செங்கோட்டையும் மொதல்ல திருவிதாங்கூர், அப்புறம் திருவிதாங்கூர்-கொச்சின்னு 1956 நவம்பர் 1 வரைக்கும் அந்தப் பக்கத்தோட இருந்த ஊருதான். அதனால இந்த வேலைக்கு நானும் கொஞ்சம் பாத்தியதைப்பட்டவன்னு கடைல உக்காந்து நெனச்சுக்குவேன், மெஷின் மக்கர் பண்ணாத நேரத்துல.

சரி, சேச்சி போர்டு. கடைசில சார்வாள் ஜெயிச்சாரு. எஸ்ஸுக்குப் பின்னாடி மேல்கமா, நல்லா தடிமனா, தைக்கிற ஊசில நூல் மாட்டுன மாதிரி நானே வளைச்சு டிசைன் பண்ணிக்குடுத்தேன். சேச்சிக்கே சிரிப்பு வந்துருச்சு. மூணு பேரும் எட்ட நின்னு பாத்து, கிட்ட போய்ப் பாத்து, சார்வாள் ஓக்கே சொல்லி, பிரிண்ட் போட்டு, ஓரம் மடிச்சு, வளையம் அடிச்சு, 600 ரூபா வாங்கிட்டு அனுப்பி வெச்சாச்சு.

நாலாம் நாள் சேச்சி வேற ஒரு நம்பர்லேர்ந்து கூப்பிட்டாங்க. "அண்ணா, போர்டுல உள்ள நம்பருக்கு விளிச்சா தென்மலைல ஒரு ரப்பர் கடைக்காரரு எடுக்குது. ப்ளவுஸ் தைக்கணும்னு ஆறு பேரு அவர விளிச்சுட்டாங்களாம், ஆளு ஒரே தேஷ்யம்."

ஃபைல தொறந்து பாத்தேன். கடைசி ரெண்டு நம்பரும் மாறி இருக்கு. எம் மேலதான் தப்பு, அவங்க நம்பர் சொன்ன நேரத்துல நான் மேல்கமாவ வளைச்சிட்டு இருந்திருக்கேன். எங்கைக் காசுலதான் மறுபடி அடிச்சுக் குடுத்தேன். சார்வாள் அன்னிக்கு ஆறாம் பக்கம் வரைக்கும் தலைய நிமிர்த்தாம பேப்பர் படிச்சாரு, டீ கூட கேக்கல.